ஒன்றரை ஷிப்ட் வியாழக்கிழமை

அந்தப் பெண்கள் கூட்டத்திற்கு வந்துவிடக் கூடாது என்று ஏற்பாடு செய்தவள் நான்தான்.

சூழ்நிலை, நெருக்கடி, மேலிடத்து உத்தரவு... எதுவும் இல்லை. நானே யோசித்தேன், நானே நாள் குறித்தேன், நானே கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நாளைக் காலையில் உங்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

அருள்புரத்தைத் தாண்டி ஒரு பனியன் கம்பெனியில் பணியாளர் நல அலுவலராக இருக்கிறேன். எல்லாருக்கும் நான் "எச்.ஆர். மேடம்". உண்மையில் என் வேலை தாள் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் ஆடிட்டுக்கு ஆள் வருவார்கள். அவர்கள் கேட்கும் பதிவேடெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். நடக்காத தொழிலாளர் கூட்டத்திற்கு நடந்ததாகக் குறிப்பு எழுதுவேன், அதற்கு வருகைக் கையெழுத்தும் வாங்கி வைப்பேன். குழந்தைகள் அறை என்று ஒன்று எங்கள் கம்பெனியில் உண்டு. ஆடிட் நாளில் அதில் தொட்டிலும் பொம்மையும் இருக்கும், மற்ற நாட்களில் அட்டைப்பெட்டிகள் இருக்கும். இதையெல்லாம் நான் தவறு என்றே நினைத்ததில்லை... கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்!

என் புகுந்த வீடும் அங்கேயேதான். என் கணவர் வகையறாவின் சோளக்காடு முழுவதும் இன்று வரிசை வரிசையாக லைன் வீடுகள். ஓர் அறை, ஓர் அடுப்பு மேடை, பத்து வீட்டுக்கு ஒரு குழாய். தென் மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தப் பெண்களில் பாதிப் பேர் எங்கள் கம்பெனியில்தான் தைக்கிறார்கள். அந்த ஏரியாவின் குடியிருப்போர் குழுவுக்கு நான் செயலாளர். படித்தவள், தாள் வேலை தெரிந்தவள் என்பதால் வந்த பதவி அது.

அந்த வருடம் எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு நிறுவனம் ஏரியாவுக்கு வளர்ச்சி மானியம் தர முன்வந்தது. ஒரே ஒரு கட்டடம் கட்டிக்கொள்ளலாம். ஆனால் என்ன கட்டடம் என்பதை அங்கே குடியிருப்பவர்கள்தான் கூடிக் கையுயர்த்தி முடிவு செய்ய வேண்டும். சொந்த வீடு, வாடகை வீடு என்ற பாகுபாடு கிடையாது. ஒரு வாரம் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும், மானியத்தைக் கவனிக்கும் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். இவைதாம் நிபந்தனைகள்.

எங்கள் சொந்தபந்தங்களுக்குச் சமுதாயக் கூடம் வேண்டும். சீர், காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்று எதற்கெடுத்தாலும் பல்லடத்துக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்ற குறை அவர்களுக்கு. லைன் வீட்டுப் பெண்களுக்கோ குழந்தைகள் காப்பகம் வேண்டும். பக்கத்தில் பால்வாடி இருந்தது. அது கைக்குழந்தைகளைச் சேர்க்காது, பிற்பகலிலேயே மூடியும் விடும். ஷிப்ட் முடிந்து தாய் வருகிற வரைக்கும் பிள்ளை எங்கே இருக்கும்?

அதிகம் கேட்டவள் மரியா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, ஓவர்லாக் மிஷின் டெய்லர், கம்பெனியில் மூன்றாவது தையல் லைனில் உட்காருவாள். கணவன் அயர்னிங் வேலைக்குப் போகிறான். ஒன்றரை வயதில் ஜெனி என்று ஒரு பெண் குழந்தை. பக்கத்து அறைக்காரம்மாதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாள் தை மாதத்தோடு ஊருக்குப் போய்விடப் போகிறாள். அதற்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் குழந்தையை ஊரில் மாமியாரிடம் கொண்டுபோய் விட வேண்டியதுதான். இதை மரியா என்னிடம் எத்தனை முறை சொன்னாளோ! ஒவ்வொரு முறையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

கையுயர்த்தச் சொன்னால் லைன் வீட்டுக் கைகள்தான் அதிகம். அது எங்கள் ஆட்களுக்கும் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, ஆளனுப்பிக் கூப்பிட்டார். போனேன். கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

அந்த நாற்காலியைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்... கல்யாணமாகிப் பதினான்கு வருடங்கள், அந்தக் கூடத்தில் நான் காப்பித் தட்டோடு வந்து போயிருக்கிறேனே தவிர, உட்கார்ந்ததில்லை. வேலைக்குப் போகிற மருமகள் என்று கொஞ்சம் இளக்காரம் வேறு. அன்றைக்குப் பெரிய மாமா என்னை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்:

"நீதாங் கண்ணு இத முடிச்சுக் குடுக்கோணும். காயிதம் கச்சாத்தெல்லாம் எங்களுக்கென்ன தெரியுது? மண்டபம் வந்துட்டா கல்லுல உன்ற பேரத்தான் மொதல்ல போடச் சொல்றேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் என் விலை! ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், கல்லில் ஒரு பெயரும். இதைவிட மலிவாக யாராவது விலை போயிருக்கிறார்களா?

பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது. அந்த வித்தையைத்தான் நான் வருடக்கணக்காகப் பழகி வைத்திருந்தேனே! கூட்டத்தை வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு என்று போட்டேன். வெள்ளிக்கிழமை சரக்கு கன்டெய்னரில் ஏற வேண்டும். அதற்கு முந்தைய நாட்களில் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடும். காலை எட்டரைக்கு உட்காருகிறவர்கள் ஐந்தரைக்கு எழுந்திருக்க மாட்டார்கள், இரவு ஒன்பது ஆகிவிடும். லைன் வீட்டு ஆண்களும் வேறு கம்பெனிக்குப் போகிறவர்களும் எந்த நாளும் எட்டு மணிக்கு முன் திரும்புவதில்லை.

இன்னும் இருக்கிறது. முழுப் பூசணிக்காயை இதுவரை சோற்றில் மறைத்துத்தான் வைத்திருந்தேன்... அந்த வாரம் புதன்கிழமையோடு ஒன்றரை ஷிப்ட்டை நிறுத்திக்கொள்ளலாம் என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். சரக்கு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வியாழனும் ஓட்டிவிட்டால் நிம்மதி, எதற்கு வம்பு என்று சொன்னவள் நான். அவரும் சரி என்றுவிட்டார்.

லைன் வீட்டுச் சுவரில் கூட்ட அறிவிப்பு. கம்பெனிப் பலகையில் ஒன்றரை ஷிப்ட் அறிவிப்பு. இரண்டிலும் ஒரே கையெழுத்து. அதை யாராவது சேர்த்து வைத்துப் பார்த்திருந்தால்! யாரும் பார்க்கவில்லை... அல்லது பார்த்தும், மேடம் அப்படிச் செய்ய மாட்டார் என்று நினைத்தார்களோ?

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரியா என் அறைக்கு வந்தாள்.

"மேடம், கூட்டம் ஆறு மணிக்குன்னு ஒட்டிருக்கு. நமக்கு ஒன்றரை ஷிப்ட்டுன்னு சொல்லுதாவ. எங்கள ஒரு மணி நேரம் மட்டும் விட்டா போதும். கைய தூக்கிட்டு ஓடி வந்துருதோம். எவ்வளவு நேரமானாலும் இருந்து தச்சுக் குடுக்கோம்."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மேனேஜர் விட்டிருப்பார். "நாளைக்குக் கன்டெய்னர் ஏறோணும் கண்ணு. லைன நிறுத்துனா என்னையத்தான் கேப்பாங்க" என்றேன். குரலில் எத்தனை கனிவு! என் அம்மா என்னிடம்கூட அத்தனை கனிவாகப் பேசியதில்லை.

அவள் கோபப்படவில்லை. சுடிதார்த் துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு சுருளை எடுத்து என் மேசையில் வைத்தாள். எப்படித் துவைக்க வேண்டும் என்று அச்சிட்டு, பனியனின் உட்பக்கம் தைப்போமே, அந்தத் துணி லேபிள். வெட்டாத சுருள். அதன் வெற்றுப் பின்பக்கத்தில், ஒரு லேபிளுக்கு ஒரு பெயராக, பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார்கள். தமிழ்ப் பெயர்கள், நடுநடுவே இந்தி எழுத்தில் சில. முதல் லேபிளில் மட்டும், "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும்" என்று இருந்தது.

"நாங்க வர முடியலன்னா இத அங்க வாசிச்சிருங்க மேடம். அந்த ஆபீசர் கேக்க வாசிச்சா போதும்."

வாசிக்கிறேன் என்றேன். கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். எங்கள் சனம் வேட்டி சட்டையும் பட்டுச் சேலையுமாக வந்து நிறைந்திருந்தது. அதிகாரி ஓர் இளம்பெண், வெளியூர்க்காரி. வந்ததும் சுற்றிலும் பார்த்தாள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒருவரும் வரவில்லையா என்று என்னைத் தனியாகக் கேட்டாள். கேட்டாளே... அவள் கேட்டாளே! எனக்கு ஒரு வழி திறந்துதான் இருந்தது. சுருள் என் கையருகே பையில் இருந்தது.

"நோட்டீஸ் ஒட்டியிருக்கறமுங்க, மைக்குலயும் சொல்லியிருக்குதுங்க. அவிய வரலீங்க. இன்னைக்கு இருந்துட்டு நாளைக்குப் போறவியளுக்கு ஊரு மேல என்னுங்க அக்கறை?" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். கூடம் வேண்டுமா என்று கேட்டபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. நான் வலது கையை உயர்த்தினேன். இடது கையால் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது தானாகத் திறந்துகொள்ளுமா என்ன?

வெள்ளிக்கிழமை காலையில் மரியா எனக்காகக் கம்பெனி கேட் அருகே காத்திருந்தாள். வாசித்தீர்களா என்று கேட்டாள்.

"வாசிச்சேன் கண்ணு. கை பத்தல" என்றேன்.

சாப்பாட்டுத் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "பரவால்ல மேடம். நீங்களாவது எங்களுக்காவப் பேசுனீயளே, அது போதும்" என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போனாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். ஏமாற்றிவிட்டாய் என்று ஊரைக் கூட்டியிருக்கலாம். திட்டை நான் தாங்கியிருப்பேன். அந்த நன்றியை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

தை முடிந்து அவள் மூன்று நாள் விடுப்புக் கேட்டாள். கொடுத்தேன். விடுப்புத் தாளில் காரணம் எழுத வேண்டும். "பிள்ளையை ஊரில் விட" என்று எழுதியிருந்தாள். அதிலும் என் கையெழுத்து உண்டு. திரும்பி வந்த வாரம் அவள் பீஸில் தையல் கோணிக் கோணிப் போயிற்று என்று சூப்பர்வைசர் புகார் சொன்னார். பால் கட்டிக்கொண்டு காய்ச்சலோடு வேலைக்கு வந்தாள் என்று பிறகு தெரிந்தது.

கூடம் எழுந்தது. பெரிய மாமா வாக்குத் தவறவில்லை. வாசல் கல்லில் என் பெயர் முதலில் இருக்கிறது. நான் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் போய் வருகிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

போன மே மாதம், எங்கள் டெய்லர் பெண் ஒருத்திக்கு அந்தக் கூடத்தில் வளைகாப்பு. மரியா வந்திருந்தாள். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த ஜெனியும் கூட வந்திருந்தாள். ஏழு வயதுக்கு மேலிருக்கும். இரட்டைப் பின்னல், அம்மாவின் அதே நெற்றி. சாப்பிட்டு முடித்து மரியா என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை வந்து அவள் துப்பட்டாவை இழுத்தது.

"மரியா, வீட்டுக்குப் போவோமா?"

எனக்குச் சுரீரென்றது. மரியா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே ஏதோ தப்புச் செய்துவிட்டவளாகச் சிரித்தாள்.

"ஊர்ல எல்லாரும் என்னய மரியான்னுதான சொல்லுதாவ, அதே பழகிட்டு மேடம். அவ ஆச்சியத்தான் அம்மாங்கா."

பிறகு குழந்தையின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். "இவங்கதாம்ட்டி அந்த மேடம். நீ சின்னப் பிள்ளையா இருக்கையில உன்னய இங்கனயே வச்சுக்கணும்னு எனக்காவக் கூட்டத்துல பேசுனவங்க. கும்பிட்டுக்கோ."

அந்தக் குழந்தை இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன்... "நல்லாப் படிக்கோணும் கண்ணு" என்ற சொற்கள்தாம் வெளியே வந்தன. அதன் தலையில் கை வைத்தும் விட்டேன்!

லேபிள் சுருள் என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. எரிக்கலாம் என்று இரண்டு முறை அடுப்படி வரை கொண்டுபோனேன். அத்தனை பெயர்களை எப்படி எரிப்பது? திருப்பிக் கொடுக்கலாம் என்றால், என்ன சொல்லிக் கொடுப்பது? அந்தப் பெண்களில் பலர் வேறு கம்பெனிக்கோ ஊருக்கோ போய்விட்டார்கள். மரியா மட்டும் மூன்றாவது லைனில் அதே இடத்தில் இருக்கிறாள்.

அவளிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். உங்களுக்கு என்னை வெறுக்கத்தான் முடியும். அவளுக்கு, தன்னை இத்தனை காலம் தேற்றிவந்த ஒன்றும் போய்விடும். இப்படிச் சொல்லிக்கொள்கிறேன்... இதுவும் ஆடிட்டுக்கு எழுதுகிற குறிப்புதானோ? உண்மை, எனக்குப் பயம்.

நாளைக் காலை எட்டரைக்கு மரியா வருவாள். கேட் அருகே என்னைப் பார்த்ததும் "வணக்கம் மேடம்" என்பாள். நானும் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்வேன்.