வைக்கோல் நிரம்பிய தூக்குவாளி

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பங்குச் சாமியார் பூசையில் ஒரு வேலை செய்தார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு குடும்பமும் தனியாக இருக்கும் ஒருவரையாவது வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லாரையும் பார்த்துத்தான் சிரித்திருப்பார் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். எனக்கென்னவோ அது எனக்கென்றே சொன்னதாகத்தான் பட்டது.

நான் தொண்டிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். கோபமும் அதே அளவுக்கு வரும். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துக் கிராமத்தில் டீச்சர் வேலை கிடைத்து, இங்கேயே வீடு பார்த்துக் குடியேறினோம். தெருவில் நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவக் குடும்பம்.

எதிர்வீட்டில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். மிளகாய் விவசாயம். மனைவி தவறிப்போய்விட்டார், மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். போன பட்டத்தில் மழை காலம் தப்பிப் பெய்து மிளகாய் மொத்தமும் அழுகிப்போனது. உழவு மாட்டையும் விற்றுவிட்டார். வர வரச் சட்டை மட்டும் நடந்து போவது போல மெலிந்துகொண்டே வந்தார். காலையில் ஒரு டீ, ஒரு பன், அதோடு சரி என்று டீக்கடைக்காரரே என்னிடம் சொன்னார். மகன் பணம் அனுப்ப மாட்டானா என்று கேட்கலாம். அவன் போனில் கேட்கும்போதெல்லாம், "இங்கன எனக்கு என்னடா கொறச்சல்? சௌரியமாத்தான் இருக்கேன்" என்று இவர் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

நேராகப் போய்க் கூப்பிட்டேன்.

"கிறிஸ்துமஸுக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்கய்யா."

"கார்த்திகை மாசம் தாயி. கவுச்சி தொட மாட்டேன்."

"கிறிஸ்துமஸ் மார்கழியிலதான்யா வருது."

"மார்கழியில கவுச்சி வாடையே ஆகாது."

"உங்களுக்குன்னு தனியாச் சாம்பார் வைக்கிறேன்."

"சாம்பார் எனக்குச் சேராது."

வீட்டுப்பாடம் எழுதாததற்குப் பிள்ளைகள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி தலை நரைத்துவிட்டது. இதைவிட நல்ல பொய்களை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லும். அன்புப் பணியாகத் தொடங்கியது அந்த நிமிஷமே சண்டையாகிவிட்டது. இந்த மனுஷனைச் சாப்பிட வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் ஒரு தூக்குவாளியில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துப் போய் அவர் வாசல்படியில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஓடுவது ஓட்டமாகவா இருக்கும்? என் வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் குரல் கொடுத்தேன்.

"கூட வடிச்சுட்டேன்யா! வேணாம்னா நாய்க்குப் போட்டுருங்க!"

விதைத்து அறுக்கிறவரிடம் சோற்றை நாய்க்குப் போடச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். கொஞ்ச நேரம் வாளியையே முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு வாளி உள்ளே போனது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

போன வாளி திரும்பி வரவில்லை. அடுத்து டிபன் பாக்ஸில் எலுமிச்சம் சாதம் போனது. அதுவும் வரவில்லை. பிறகு இட்லியோடு ஒரு சம்படம், ரசத்தோடு ஒரு மூடி போட்ட கிண்ணம், கடைசியில் என் கல்யாணச் சீரில் வந்த டிபன் கேரியர். எங்கள் சமையலறை அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது.

"எதிர்த்தாப்புல பாத்திரக்கடை தொறக்கப் போறாரு போல. தொறப்பு விழாவுக்கு நம்மளைத்தான் மொதல்ல கூப்பிடணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அன்பு செய்யச் சொன்ன சாமியார் பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! கிறிஸ்துமஸ் முறுக்கைப் போட்டு வைக்கப் பெரிய சம்படம் வேறு தேவைப்பட்டது. இன்றைக்குக் கேட்டே விடுவது என்று கிளம்பினேன்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சுவரோரமாக என் பாத்திரங்கள் எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தார். என் வீட்டில் இருந்த காலத்தில் அவை அப்படிப் பளபளத்ததே இல்லை.

"என்னங்கய்யா, இத்தனையும் கழுவி வச்சுட்டு ஏன் குடுக்காம இருக்கீக?" குரலைக் குறைக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "வெறும் ஏனத்தை எப்படித் தாயி திருப்பிக் குடுக்குறது?"

எங்கள் பக்கத்தில் சாப்பாடோ பலகாரமோ வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. ஒரு கை அரிசியோ கொஞ்சம் சர்க்கரையோ போட்டுத்தான் கொடுப்பார்கள். அவர் மனைவி இருந்த வரைக்கும் எங்கள் வீட்டுப் பாத்திரம் குண்டு மிளகாய் வற்றலோடுதான் திரும்பி வரும். இப்போது மிளகாயும் இல்லை, மனைவியும் இல்லை. "ரேஷன் அரிசிதான் கெடக்கு. அதைப் போட்டுக் குடுத்தா ஏனத்துக்கே கேவலம்" என்றார்.

நான் கதவைத் தட்டிவிட்டு ஓடிவந்த ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் இன்னும் கொஞ்சம் குன்றிப்போயிருக்கிறார். "அட, சும்மாவே குடுங்கய்யா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் மறுநாளிலிருந்து கதவையே திறந்திருக்க மாட்டார். வேறு வழி தெரியாமல் கொல்லைப் பக்கம் பார்த்தேன். மாடு போன பிறகும் அங்கே வைக்கோல் படப்பு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"அய்யா, எங்க வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோலே கெடைக்கல. குழந்தை ஏசு வெறும் அட்டையில படுக்கணும் போல" என்றேன்.

பச்சைப் பொய். குடிலுக்கென்று என் வீட்டுக்காரர் முந்தின நாள்தான் ஒரு கட்டு வைக்கோலைப் பைக்கில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்கு ஓடி, "அந்த வைக்கோலை ஒளிச்சு வைங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பேசாம ஒளிங்க!"

பயத்தில் கட்டிலுக்கு அடியில் திணித்துவிட்டார். கிறிஸ்துமஸ் முடியும் வரைக்கும் தும்மிக்கொண்டே இருந்தார், பாவம்.

மறுநாள் காலையில் வெளுத்த வேட்டியோடு எதிர்வீட்டுக்காரர் வந்தார். கைக்கு ஒன்றாகத் தூக்குவாளியும் கேரியரும், கக்கத்தில் சம்படமும் மற்றதும். எல்லாவற்றிலும் திணிக்கத் திணிக்க வைக்கோல். ரசம் போன கிண்ணத்தைக்கூட விடவில்லை. "பத்தலேன்னா சொல்லுங்க, படப்பே கெடக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

கொடுத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"மாட்டை இப்புடியா அவுத்து விடுவாக?"

"அது பொம்மைங்கய்யா."

"பொம்மைன்னா மாடு இல்லேன்னு ஆயிருமா? பக்கத்துல பச்சப்புள்ள கெடக்குல்ல" என்று சணலைத் திரித்து மாட்டைக் கட்டினார். கழுதைக்கும் ஒரு கட்டு. பிறகு மூன்று ராஜாக்களைக் கையில் எடுத்து, இவர்கள் யார் என்றார். பிள்ளையைப் பார்க்கக் காணிக்கையோடு வந்தவர்கள் என்றேன்.

"அதான பாத்தேன். வெறுங்கையோட யாரு வருவா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தும்மலுக்கு நடுவே என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "ஆடு மேய்க்கிறவங்க வெறுங்கையோடதான் வந்தாங்க மாமா. புள்ள பொறந்த மொதத் தகவலே அவங்களுக்குத்தான் போச்சு."

பெரியவர் ஆட்டுக்காரப் பொம்மையைத் தேடி எடுத்துப் பிள்ளைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்தார்.

கிறிஸ்துமஸ் அன்று வந்தார். சாம்பார் சேராத உடம்பு அன்றைக்கு மூன்று தடவை சாம்பார் கேட்டது. வந்த விருந்தாளிகளை எல்லாம் குடிலுக்கு இழுத்துப் போய், "வைக்கோல் நம்ம படப்புதான்" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்துப் புது டீச்சர் அவரை என் அப்பா என்று நினைத்து நலம் விசாரித்தாள். அவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

அவர் போன பிறகு எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. சாமியார் ஒரு நாள் சாப்பாட்டைத்தான் சொன்னார். நாளைக்கும் பசிக்குமே? பழையபடி வாளி அனுப்பினால் அவர் தலை குனியும். குடிலும் நிறைந்துவிட்டது, இனிமேல் வைக்கோல் கேட்கவும் வழியில்லை.

மறுநாள் விருந்துக் களைப்பில் நான் அடுப்பையே பற்றவைக்கவில்லை. மத்தியானம் கேட் சத்தம் கேட்டது. அவர்தான். வைக்கோல் இல்லை, வாளி இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்து, நேற்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன கொழம்பு தாயி?"

"ஒண்ணும் வைக்கலய்யா. நேத்துச் சாம்பாரைத்தான் சுட வைக்கணும்" என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழாவிட்டால் அழுதிருப்பேன்.

"அது போதும், வையி" என்றார்.