மேக்குக்குள் மூன்று விண்டோஸ்

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும், எங்கள் மாதா கோயில் விழா மலருக்குத் தொகுப்பாசிரியர் என்று என் சகலையின் பெயரைப் பங்குச் சாமியார் அறிவித்தார். அப்போது மணி எட்டு நாற்பது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் எத்தனை நொடி நீடித்தது என்பதும் என் குறிப்பில் இருக்கிறது. அதை இங்கே சொல்ல மனம் வரவில்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர். ரயிலுக்கு வசதி என்று பொம்மிடியில் குடியிருந்தாலும் ஞானஸ்நானம் பெற்றது எங்கள் பங்கில்தான். அவரிடம் ஆப்பிள் கம்பெனியின் மேக் மடிக்கணினி ஒன்று இருக்கிறது. சாமியார் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் கண்ட ஒரே காரணம் அதுதான்.

கம்பைநல்லூரில் பள்ளி ஆய்வக உதவியாளனாகக் காலம் தள்ளும் நான், எங்கள் பங்கின் அன்றாடத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதிவருகிறேன். தேர்ப் பவனி எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் திரும்பியது, எந்த ஐப்பசியில் எத்தனை நாள் மழை, யார் கிணறு எந்த மாதம் வற்றியது, மா எப்போது பூத்தது, யார் வீட்டுச் சாவுக்கு மணி எத்தனை அடித்தது, எல்லாம் தேதியோடு. எல்லாவற்றையும் ஒரு பழைய விண்டோஸ் நிரலில் தட்டி வைத்திருந்தேன். போன கோடை இடியில் என் கணினி போய்விட்டது. உள்ளிருந்த வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், என் நிரலும் குறிப்புகளும் இருந்த பகுதி மட்டும் பிழைத்தது.

"அதை நம்ம தம்பிகிட்டக் குடுங்க. அவரு மேக்குல தொறந்து பாக்கட்டும். வர்ற மூணாஞ் சனிக்கெழமைக்குள்ள தொறந்தா வரலாறு போடலாம். இல்லன்னா வாழ்த்துச் செய்தியும் போட்டோவும் போட்டு முடிச்சிருவோம்" என்றார் சாமியார்.

இருபத்திரண்டு ஆண்டும் மலரில் வரவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அது சகலை கையால் வரக்கூடாது என்ற ஆசையும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று அப்போது கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

முதல் சனிக்கிழமை காலை வட்டோடு பொம்மிடிக்குப் போனேன். சகலை மேக்கின் மூடியை ஒற்றை விரலால் திறந்தார். சத்தமே இல்லை. என் பழைய கணினியைப் போட்டால் பக்கத்து வீட்டில் மாவு அரைக்கிறார்கள் என்று நினைப்பார்கள். மேக்கின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. தொடவில்லை.

"இதுல விண்டோஸ் நேரா போவாதுங்ணா. மேக்குக்குள்ளயே ஒரு பொய்க் கம்ப்யூட்டர உண்டாக்கி, அதுக்குள்ள விண்டோஸ ஓட்டணும். அதுக்கு மூணு சாஃப்ட்வேர் இருக்குது. ஒண்ணு காசு கட்டறது, பதினஞ்சு நாளு சும்மா பாக்கலாம். ஒண்ணு இனாம். இன்னொண்ணும் இனாந்தான், ஆனா அது பழைய கம்ப்யூட்டர அப்படியே நடிச்சுக் காட்டும், ரொம்ப மெதுவு. மூணையும் பாத்துரலாமா?"

"பாக்கலாம். நான் நேரம் குறிச்சிக்கறன்."

கோடு போட்ட நோட்டில் கட்டம் வரைந்தேன். மேலே மூன்று மென்பொருள். இடப்பக்கம் நிறுவ ஆகும் நேரம், விண்டோஸ் எழும் நேரம், என் நிரல் திறக்கும் நேரம், சூடு. மேக்கின் நினைவகத்தில் பாதியை விண்டோசுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அண்ணன் தம்பி ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பதுபோல என்று எனக்கு உடனே விளங்கியது. அண்ணன் முறையில் தம்பி மோட்டாரைப் போட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். எங்கள் ஊர் வழக்குகளில் பாதி அதுதான்.

நிறுவிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: "உங்க புரோகிராமத் தவிர வேற ஏதாச்சும் போடணுமாங்ணா?"

என் நிரலுக்கு ஒரு பழைய தமிழ் எழுத்துரு வேண்டும். தருமபுரியில் தட்டச்சு மையம் வைத்திருந்தவர் அந்தக் காலத்தில் போட்டுக் கொடுத்தது. அது இல்லாவிட்டால் திரையில் தமிழ் வராது; ஆங்கில எழுத்தும் கொக்கியும் கேள்விக்குறியும்தான் வரும். அது என் சட்டைப் பையில் பென்டிரைவில் இருந்தது. மேசையில் அவர் பெயரோடு 'தொகுப்பாசிரியர்' என்று அச்சிட்ட அறிவிப்புத் தாள் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"வேற ஒண்ணும் வேண்டாம்."

காசு மென்பொருளில் விண்டோஸ் அரை நிமிடத்தில் எழுந்தது. என் நிரலும் திறந்தது. திரை முழுக்கக் கொக்கியும் கேள்விக்குறியும். சகலை மறுபடி நிறுவினார், மறுபடியும் அதே. கட்டத்தில் 'எழுத்து சரியில்லை' என்று எழுதினேன். நேரம் குறித்ததிலும் நேர்மை இல்லை. அவர் சொடுக்குவதற்கு முன்பே கடிகாரத்தை ஓடவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டில் நான் அறிந்தே தப்பாகக் குறித்த முதல் எண்கள் அவை.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள்: "என்னங்க, தொறந்துச்சா?"

"மேக்குல அதெல்லாம் ஆவாது."

"சொல்லும்போதே மூஞ்சி பூரிக்குது பாருங்க. எந் தங்கச்சி போன் பண்ணா. மேக்கு சூடாவுதாம். உங்க கண்ணு பட்டுத்தான் சூடாவுதோ என்னவோ."

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது மென்பொருள். அதற்கு முன் சகலை வாரம் முழுக்க, கம்பெனி வேலை முடிந்தபின், தனியாக உட்கார்ந்து முயன்றிருந்தார். எதை எதை மாற்றிப் பார்த்தார் என்று தேதி போட்டுத் தாளில் எழுதியும் வைத்திருந்தார். என் பழக்கம் அது. அவர் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

இரண்டாவதிலும் கொக்கி, கேள்விக்குறி. மூன்றாவதில் பழைய விண்டோசே எழுந்தது, நீலத் திரையும் அந்தப் பழைய மணியோசையுமாக. எழ ஏழு நிமிடம். என் நெஞ்சு கொஞ்சம் இளகியது. நிரலைத் திறந்தார். அதே கொக்கி.

சகலை நாற்காலியில் சாய்ந்தார். "மூணுலயும் ஒரே மாதிரி வருதுன்னா சாஃப்ட்வேர் மேல தப்பு இல்லீங்ணா. உங்க ஃபைலே கெட்டுப் போச்சு போல. இடி உழுந்தப்பவே போயிருக்கும். சாமிகிட்ட நானே சொல்லிர்றன். வருத்தப்படாதீங்க."

அந்த 'வருத்தப்படாதீங்க' என்னைச் சுட்டது. என் குறிப்புகள் கெட்டுவிட்டனவாம். ஒரு எழுத்துகூடக் கெடாமல் என் கண்ணெதிரே நிற்பவை.

"யாரு சொன்னா கெட்டுப் போச்சுன்னு? நல்லாத்தான இருக்குது!" என்று திரையில் விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினேன். அந்த எழுத்துரு அடிக்கடி மக்கர் செய்த காலத்தில் கொக்கிகளையே தமிழாகப் படிக்கப் பழகியிருந்தேன். தடங்கலே இல்லாமல் வந்தது:

"தை மாதம், திங்கள். வானம் தெளிவு. மாப்பிள்ளை வீட்டார் வர ஒன்றேகால் மணி நேரம் தாமதம். சாமியார் இருமுறை வெளியே வந்து பார்த்தார். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், கோயிலுக்குள்ளும். சாம்பாரில் உப்பு அதிகம். மாமனார் என்னிடம், வந்த மருமகனுங்கள்லயே இவருதான் படிச்சவரு என்றார்."

கடைசி வரி வாயிலிருந்து போன பிறகுதான் அது யாருடைய திருமணம் என்று உறைத்தது.

சமையலறையிலிருந்து கொழுந்தியாள் கரண்டியோடு வந்தாள். "மாமா, அது எங்க கல்யாணந்தானுங்களே? பதினோரு வருசமா உப்ப மனசுலயே வச்சிருந்தீங்களா?"

"ஐயோ, எங்க அப்பா அப்படிச் சொன்னாரா?" என்று அவளே சிரித்தாள். சகலை சிரிக்கவில்லை. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணா, இத எப்படிப் படிச்சீங்க?"

"பழக்கம்."

"அப்ப ஃபைலு கெடல. ஃபான்ட்டுதான் இல்ல."

"ஆமா."

"ஃபான்ட்டு எங்க இருக்குதுங்ணா?"

பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து எடுத்ததை அவர் பார்த்தார். கொழுந்தியாளும் பார்த்தாள். சிரிப்பு நின்றது. சகலை பென்டிரைவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"போன சனிக்கெழமையே இதுலதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீங்க கேட்டப்ப ஒண்ணும் வேண்டான்னு சொன்னன்."

"ஏங்ணா?"

அந்த அறிவிப்புத் தாளைக் காட்டினேன். அவர் தாளைப் படித்தார், மடித்தார். "நானும் சாமிகிட்ட வேண்டான்னு சொல்லல. சொல்லியிருக்கணும். உங்களுக்குத்தான் அதுன்னு எனக்குத் தெரியும். கேட்டதும் சந்தோசமாப் போச்சு, வாங்கிக்கிட்டன்" என்றார்.

அவரும் ஆசைப்பட்டார் என்று கேட்டபோது மனம் லேசானது. உடனே, அதை இவ்வளவு எளிதாகச் சொல்ல அவரால் முடிகிறதே என்று மறுபடி எரிந்தது.

மூன்றாம் சனிக்கிழமை எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். பழைய கட்டத்தை அடித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். கடிகாரத்தை அவர் சொடுக்கிய பிறகே ஓடவிட்டேன். எழுத்துருவைப் போட்டதும் மூன்றிலும் தமிழ் வந்தது. காசு மென்பொருள் வேகத்தில் முதல். தேடினால் கண் இமைப்பதற்குள் இருபத்திரண்டு ஆண்டின் தேர்ப் பவனிகளும் வரிசையாக நின்றன. இனாம் ஒன்று அதைவிடக் கொஞ்சம் பின்னே, ஆனால் குறை சொல்ல முடியாது. என் பழைய விசைப்பலகை முறை மட்டும் முதல் இரண்டிலும் வேலை செய்யவில்லை; மெதுவான மூன்றாவதில்தான் திருத்தம் போட முடிந்தது. ஒரு எழுத்தை அடித்துவிட்டு அது திரையில் தோன்றக் காத்திருக்க வேண்டும். தேடலும் படிப்பும் அவர் முதலாவதில் செய்தார். திருத்தம் முழுக்க நான் மூன்றாவதில் செய்தேன். ஒரே மேக், முறை வைத்து.

மாலையில் சாமியார் போன் செய்தார். சகலை ஒலிபெருக்கியில் போட்டார்.

"தொறந்துச்சுங்க சாமி. பேர மட்டும் மாத்திருங்க. தொகுப்பாசிரியர் அண்ணன்தான். நான் கம்ப்யூட்டர் வேல பாத்தன், அவ்வளவுதான்."

"ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார் சாமியார். பென்டிரைவைப் பற்றி சகலை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரை வெறுக்க எனக்கு ஏதாவது மிச்சம் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை அரூர் அச்சகத்துக்கு முதல் பக்கத்தை எடுத்துப் போனது நான்தான். இரண்டு பெயர்களையும் தொகுப்பாசிரியர்கள் என்று போடச் சொன்னேன். என் பெயர் மேலே, அவர் பெயர் கீழே.

"ரெண்டும் ஒரே சைசுங்களா, இல்ல கீழ இருக்கறது கொஞ்சம் சின்னதா வைக்கட்டுங்களா?" என்று கேட்டார் அச்சகக்காரர்.

உடனே பதில் சொல்லியிருக்கலாம். எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. நான் யோசித்துக்கொண்டிருந்தது நாற்பது நொடி.

"ஒரே சைசு" என்றேன்.