செல்வி சொல்லியிருக்க வேண்டிய தப்பான பதில்

நேற்று ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றை, அடுப்பில் சாம்பார் கொதிக்க, கைப்பேசியிலேயே முடித்தேன். எண்பது பேர் என்றார்கள். ஒரு முகமும் தெரியவில்லை. பெருங்காயம் போட்டதும் அந்த வாசனை என்னைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய்விட்டது. தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில்தான் என் முதல் வேலை. அந்தக் கேன்டீன் சாம்பாரில் பருப்பைவிடப் பெருங்காயம்தான் அதிகம்.

அப்போதெல்லாம் பயிற்சி என்றால் பத்து நாள் போய் உட்கார வேண்டும். முடிந்தபின் பயிற்றுநர் நம் வகுப்புக்கே வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்து குறிப்பெடுப்பார். அவர் அறிக்கை நன்றாக இருந்தால்தான் வேலை நிரந்தரம். எனக்கோ யாராவது பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் துறைத் தலைவர் வழி சொன்னார். "மொத நாளே பசங்கள வச்சு ஒத்திகை பாத்துடும்மா. எல்லாரும் அப்படித்தான். நடுவுல ஒரு தப்பான பதிலும் வச்சுக்கோ, அப்பதான் நம்புவாங்க."

வைத்தேன். பாடம், வேலைக்கான நேர்காணல். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்க, மாணவி செல்வி எழுந்து "ஐ வில் கோ ஹோம், மேடம்" என்று சொல்ல வேண்டும். நான் புன்னகையோடு திருத்த வேண்டும். அந்தப் புன்னகையைக்கூடக் கண்ணாடி முன் பழகியிருந்தேன்.

மறுநாள் பயிற்றுநர் அம்மா கடைசி பெஞ்சில் வந்து அமர்ந்தார்; செல்வி வரவில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிடலாம் என்கிற புத்தி வந்தால்தானே? மனப்பாடம் செய்ததை அப்படியே கேட்டுவைத்தேன். வகுப்பில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆறு பேர் ஒன்றாக எழுந்து, "ஐ வில் கோ ஹோம், மேடம்" என்றார்கள்.

பயிற்றுநர் அம்மா பேனாவை மூடினார். "ஏன் எல்லாரும் ஒரே பதில் சொல்றீங்க?"

பழவேற்காட்டிலிருந்து வரும் ஏழுமலை எழுந்தான். "செல்வி ரயில்ல மாட்டிக்கினா மேடம். எங்க மேடத்துக்கு பேஜாராயிடப் போவுதேன்னு நாங்களே சொல்லிட்டோம்."

"அதையே இங்கிலீஷ்ல சொல்லு, கேப்போம்" என்றார் அவர்.

சொன்னான். தட்டுத் தடுமாறி ரயில், ஒத்திகை, என் புன்னகை வரை சொன்னான். அவன் திணறிய இடத்தில் பக்கத்தில் இருந்தவள் எடுத்துக்கொண்டாள். மணி அடிக்கும்வரை மொத்த வகுப்பும் என் மானத்தை ஆங்கிலத்தில் வாங்கியது. வேலை போயிற்று என்று முடிவுகட்டி, கரும்பலகையில் சாய்ந்து நின்றேன்.

கிளம்பும்போது அறிக்கையைக் காட்டினார். 'இந்த வகுப்பில் மாணவர்கள் பேசுகிறார்கள்.' ஒரே வரி. "இனிமே ஒத்திகை வேணாம்மா" என்று மட்டும் சொன்னார். அப்பாடா என்று விட்ட மூச்சோடு எனக்கு அழுகையும் வந்துவிட்டது. அடுத்த மாதம் நிரந்தரமும் ஆனேன்.

இப்போது கடைசி பெஞ்சில் யாரும் வந்து உட்காருவதில்லை. பாடத்தைப் படம்பிடித்து அனுப்பினால் போதும். சரியாக வரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் முதலில் எடுத்ததையே அனுப்பிவிடுகிறேன். அந்த நாட்களில் எனக்கு முன்னால் வகுப்புக்குள் நுழைந்துகொண்டிருந்த பயம் எந்த வருஷம் காணாமல் போனதென்று தெரியவில்லை. தொலைந்தவற்றில் அதை மட்டும் நான் தேடவே இல்லை.