பூவுக்குள் ஒரு விதை

எங்கள் ஊரில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் அறுவடை தொடங்கியதும், கஸ்பர் தன் தோட்டத்தின் முதல் பிடியைக் கிரெசென்ஸின் கையில் கொண்டுவந்து கொட்டுவார். கிரெசென்ஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், தோட்டம் கிடையாது. துணி துவைக்கும் அறையில் வீட்டுக்கு மட்டும் பீர் காய்ச்சுவார். ஆனாலும் அவருடைய மூக்கை ஊர் நம்பியது. பூவை உள்ளங்கைகளுக்கு நடுவே சூடேறும்வரை தேய்ப்பார். உள்ளிருக்கும் தூள் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் புதியது. பழுப்பேறிச் சீஸ் வாடை அடித்தால், காற்றுப் புகாத உறையில் கட்டி ஃப்ரீஸரில் வைக்காமல் யாரோ அலமாரியில் போட்டுவைத்தது. ரகத்தையும் மணத்தாலேயே சொல்வார். பொட்டலத்தில் அச்சடித்திருப்பதைக் கடைசியில்தான் படிப்பார்.

சென்ற ஆண்டும் கஸ்பர் வந்தார்.

"சொல்லும்மா, என் பெர்லே ரகம் எப்படி?"

கிரெசென்ஸ் தேய்த்தார். மணம் குறைவில்லை. ஆனால் விரலுக்கடியில் கடுகுபோல ஒன்று உருண்டது. விதை.

பக்கத்தில் எங்கோ ஓர் ஆண் கொடி பூத்திருக்கிறது என்று அர்த்தம். அதன் மகரந்தம் காற்றில் வந்தால் பெண் கொடியின் பூக்களெல்லாம் விதை பிடிக்கும். வாங்குகிறவர்கள் தரத்தைக் குறைப்பார்கள். அதனால் எங்கள் ஹாலர்தா வட்டாரத்தில் ஆண் கொடியைக் கண்டால் வேரோடு பிடுங்கிவிடுவோம்.

"மணம் நல்லாருக்கு" என்றார் கிரெசென்ஸ்.

"அவ்வளவுதானா? போன வருஷம் பாதிரியார் மாதிரி பிரசங்கம் பண்ணினியே?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கஸ்பர்."

அவர் போனதும் கிரெசென்ஸ் கொட்டகைச் சுவரருகே போய் நின்றார். முந்தின ஆண்டு வசந்தத்தில் ஆற்றங்கரையிலிருந்து ஒரு காட்டு ஹாப்ஸ் வேரைக் கொண்டுவந்து அங்கே நட்டிருந்தார். கணவர் எம்மெரமுக்காக. நடமாட்டம் நின்றுபோன அவர், ஜன்னல் வழியே அந்தச் சுவரைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. பூத்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். சென்ற ஆண்டு ஜூலையில் அது பூத்தபோது இருவரும் மருத்துவமனையில் இருந்தார்கள். அன்று சுவர் நிறைய இலை; பெண் கொடியில் பிடிக்கும் காய் ஒன்றுகூட இல்லை. இலைகளுக்கிடையே உதிர்ந்த பூங்கொத்துகளின் காம்புகள் காய்ந்து தொங்கின.

ஜன்னலுக்குப் பின்னால் எம்மெரம் கையசைத்தார். கிரெசென்ஸும் கையசைத்தார். கொடியை வெட்டக் கத்தியை எடுக்கவில்லை.

இரண்டொரு வாரத்தில், விதை அதிகம் என்று கஸ்பரின் சரக்கைத் தரம் தாழ்த்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து மதுவிடுதி மேசையில் உட்கார்ந்திருந்தோம்; கிரெசென்ஸும் இருந்தார். கஸ்பர் எதிரே இருந்த விவசாயி ஃபைட்டைப் பிடித்துக்கொண்டார். ஃபைட்டுக்குச் சின்னத் தோட்டம், ஓடையை ஒட்டி, காட்டுக் கொடி ஏறக்கூடிய நீண்ட வேலி.

"வேலியில என்னய்யா வளர்க்குற? வெட்ட வலிச்சா சொல்லு, என் ஆட்டை அனுப்புறேன்."

"முள்ளும் மாமியார் சாபமும்தான் வளருது. வேணும்னா ரெண்டையும் எடுத்துட்டுப் போ."

யாரோ சிரித்தார்கள். கஸ்பர் சிரிக்கவில்லை.

"அடுத்த வருஷம் உன் ஹாப்ஸைக் காயவைக்க வேற இடம் பாத்துக்க."

ஃபைட்டுக்குச் சொந்த உலர்த்தும் கொட்டில் இல்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டார்.

"என் கொட்டகைச் சுவர்ல இருக்கு அந்தக் கொடி" என்றார் கிரெசென்ஸ்.

கஸ்பர் திரும்பினார். "எப்போ தெரிஞ்சுது?"

"நீ பூ கொண்டுவந்த அன்னிக்கே. கையில விதை தட்டுப்பட்டுச்சு."

"மணம் நல்லாருக்குன்னியே."

"மணம் நல்லாத்தான் இருந்துச்சு."

கிரெசென்ஸை நேர்மையானவர் என்று இப்போது ஊரில் சொல்கிறார்கள். நான் அவ்வளவு விரைவாகச் சொல்ல மாட்டேன். அன்றைக்கே சொல்லியிருந்தாலும் விளைச்சல் தப்பியிருக்காது. அது ஜூலையிலேயே கெட்டுவிட்டது. ஆனால் உண்மையான ஒரு வாக்கியத்தைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது, பொய்யைவிட நுட்பமான காரியம். ஃபைட் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவர் வாய் திறந்திருப்பாரா? அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

மறுநாள் கஸ்பரே மண்வெட்டியோடு வந்து வேரைத் தோண்டினார். ஜன்னலில் எம்மெரம் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பர் ஒருமுறை நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றி, மறுபடி குனிந்துகொண்டார். ஃபைட்டிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கொட்டில் பேச்சு அத்தோடு நின்றது.

இந்த வசந்தத்தில், தன் தோட்டத்துப் பெண் கொடியின் வேர்கள் இரண்டைக் கஸ்பர் அந்தச் சுவரோரம் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனார். கிரெசென்ஸ் நட்டார். இப்போது சுவர் பாதி பச்சை.

அறுவடை தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. முதல் பிடி இன்னும் வரவில்லை.