சனிக்கிழமைதோறும் வந்த கல்யாணப் பெண்

குணசுந்தரிக்கு நாற்பத்தேழாவது வயதில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்னால் பெண் பார்க்க யாரும் வராமல் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேரை இவளுக்குப் பிடிக்கவில்லை, மீதிப் பேர் இவள் வாயைப் பார்த்துப் பயந்து போனார்கள். கோலா கெத்தில் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் வேனை விட்டுப் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்குவது அவள் தொழில். பெரிய லோரிக்காரனே ஒதுங்கி வழிவிடும் அளவுக்கு ஹாரன் அடிப்பாள்.

அப்படி ஒருநாள் ஒதுங்க மறுத்த லோரிக்காரர்தான் அம்மாசி. கோலா கெடாவிலிருந்து சுங்கை பட்டாணிக்கு மீன் ஏற்றி வருபவர், மனைவியை இழந்தவர். நடுரோட்டில் தொடங்கிய சண்டை சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணியோடு முடிந்து, அடுத்த வருடம் தோட்டத்துக் கோயிலில் தாலியாக வந்து நின்றது.

கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவன் திகாம் பத்துவைச் சேர்ந்த சசிதரன். இருபத்தாறு வயது, நல்ல சிரிப்பு, தோளில் இரண்டு கேமரா. முழுத் தொகையையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டான். ஆல்பம் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும் என்றான். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, தைப்பூசமும் வந்து போனது. ஆல்பம் மட்டும் வரவில்லை. முதலில் கணினி கெட்டுப்போனது என்றான். பிறகு அச்சுக் கடையில் தாமதம் என்றான். மறுபடியும் கணினி கெட்டது. அதற்குப் பிறகு அவள் அனுப்பிய செய்திகளில் படித்துவிட்டான் என்பதற்கு நீலக்கோடு மட்டும் விழுந்தது, பதில் இல்லை.

அவள் அக்காள் மகள் ரூபினி, ஃபேஸ்புக்கில் அவன் முகத்தைப் போட்டுக் கிழிக்கலாம் என்றாள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டும் செய்யலாம்தான். ஆனால் குணசுந்தரிக்கு வேண்டியது படம். கல்யாணத்துக்கு முன்பு, பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் தவிர அவள் கேமரா முன்னால் நின்றதில்லை. மஞ்சள் பட்டும் தலை நிறையப் பூவுமாகத் தான் எப்படி இருந்தோம் என்று பார்க்க அவளுக்கு ஆசை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால், ஏமாற்றினவனை விடக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு நேராகத் திகாம் பத்துவில் அவன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது சசிதரனின் அம்மா பிச்சையம்மாள். மகன் பினாங்குக்கு வேலையாகப் போயிருக்கிறான் என்றாள். அவன் ஓட்டும் மோட்டோ வாசலில் நின்றது. இரண்டு கேமராவும் சோபாவில் கிடந்தன. உள்ளறையில் யாரோ இருமி, பாதியில் இருமலை அடக்கிக்கொண்ட சத்தமும் கேட்டது.

குணசுந்தரி சத்தம் போடவில்லை. "சரிக்கா, வந்தா சொல்லுங்க. கொஞ்சம் தண்ணி கெடைக்குமா? காலையில இருந்து வேன் ஓட்டுறேன்" என்றாள்.

பொய் சொல்லிவிட்ட சங்கடத்தில் பிச்சையம்மாள் தண்ணீருக்குப் பதில் மைலோவே கலக்கிக் கொடுத்தாள். பேசிக்கொண்டிருந்ததில் இருவரும் ஒரு காலத்தில் ஒரே கையுறைத் தொழிற்சாலையில், வேறு வேறு ஷிஃப்டில், ஒரே சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியவர்கள் என்று தெரிந்தது. அந்த மனுஷனைப் பற்றிப் பேசி முடிக்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. படத்தைப் பற்றி அன்றைக்குப் பேச்சே எழவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனாள். வெறுங்கையோடு போகவில்லை. அம்மாசி கொண்டுவந்த கெம்போங் மீன் ஒரு பை. அன்றைக்கும் சசிதரன் பினாங்கில்தான் இருந்தான். மீனை ஆய்ந்துகொண்டே குணசுந்தரி விஷயத்தைச் சொன்னாள். பிச்சையம்மாளின் கை அப்படியே நின்றது. படத்தையெல்லாம் கொடுத்தாகிவிட்டது, சில பேர் இன்னும் கேட்டுத் தொல்லை கொடுக்கிறார்கள் என்று மகன் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். அவள் உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்தாள். "அடுத்த வாரம் ஒன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா தங்கச்சி. சாப்பாடு இங்கதான்" என்றாள்.

மூன்றாவது சனிக்கிழமை அம்மாசியும் வந்தார். தலை பெரிதாக ஒரு செனாங்கின் மீன். பிச்சையம்மாள் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். வாசனை வீடு முழுக்கப் பரவி, உள்ளறைக் கதவின் கீழ் இடுக்கிலும் நுழைந்திருக்க வேண்டும். அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிச்சையம்மாள் நாலாவது தட்டை எடுத்து வைத்தாள்.

"பினாங்குல இருந்து வெளிய வாடா. சோறு ஆறுது."

கதவு திறந்தது. முடி கலைந்து, கழுத்து தளர்ந்த பனியனோடு சசிதரன் வந்து நின்றான். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தான். அம்மாசி மீன் தலையை அவன் தட்டுக்குத் தள்ளினார். அவன் தலை நிமிராமலே சாப்பிட்டான்; இரண்டாவது தரமும் சோறு போட்டுக்கொண்டான். கை கழுவி வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"படம் இருக்குக்கா. எல்லாம் பத்திரமா இருக்கு. ஆனா தாலி கட்டுற படம்தான்..."

"தாலி கட்டுற படத்துக்கு என்ன?"

வாயால் சொல்ல முடியாமல் கணினியைத் திறந்து காட்டினான். திரை முழுக்க வழுவழுவென்று ஒரு வழுக்கைத் தலை. அதற்கு மேலே தூக்கிப் பிடித்த ஒரு கைப்பேசி. அடுத்த படத்திலும் அதே தலை, அதற்கடுத்ததிலும் அதே தலை.

அம்மாசி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இது எங்கண்ணன் மண்டைலா" என்றார்.

தாலி எங்கே என்று குணசுந்தரி கேட்டாள். தலைக்குப் பின்னால் இருக்கிறது என்றான் சசிதரன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பிச்சையம்மாளும் சேர்ந்துகொண்டாள். இத்தனை மாதம் அதை நினைத்து நினைத்துப் பயந்து கிடந்தவன் மட்டும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தான். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வந்த கல்யாணத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டதாகச் சொன்னான். இந்தப் படத்தில் தடுக்கி நின்றவன், அடுத்ததைத் தொடவும் பயந்து, கடைசியில் போன் அடித்தாலே தலையணைக்கு அடியில் வைத்துவிடும் நிலைக்கு வந்திருந்தான்.

"மத்த படத்தைக் காட்டு" என்றாள் குணசுந்தரி.

காட்டினான். தாலி கட்டி முடித்த அடுத்த நொடியில் எடுத்த படம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சரிந்த பூவோடு அவள் அம்மாசியை நிமிர்ந்து பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் முடிச்சு சரியாக விழுந்ததா என்ற கவலை அப்படியே இருந்தது. அந்தப் படத்தைத் தாண்ட அவள் விடவில்லை. தன் முகம் இப்படியெல்லாம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நான் இவ்ளோ அழகாவா இருந்தேன்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதனாலதானே லோரிய ஒதுக்கல" என்றார் அம்மாசி.

அவள் அத்தோடு எழுந்து போய்விடவில்லை. இன்றைக்கே வேலையைத் தொடங்கு என்று சொல்லி அவன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அடுத்து வந்த சனிக்கிழமைகளிலும் உட்கார்ந்து படங்களைப் பொறுக்கினாள். வழுக்கைத் தலைக்கு மட்டும் ஒரு முழுப்பக்கம் கேட்டு வாங்கினாள். ஆல்பத்தைப் பார்த்த அம்மாசியின் அண்ணன், அந்தப் படம் தெளிவாக வந்திருக்கிறது என்று பாராட்டி, தனக்கும் ஒரு பிரதி கேட்டார்.

காத்திருந்த மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் படம் போனது. எல்லாரும் பொறுத்துக்கொள்ளவில்லை. ஒரு குடும்பம் நடுவர் மன்றத்துக்கே போனது. வாங்கிய பணத்தை அவன் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அது நியாயம்தான் என்றாள் பிச்சையம்மாள். இப்போது சசிதரன் மறுபடியும் தொழிற்சாலைக்குப் போகிறான். மாதத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு மேல் ஒப்புக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவன் போனை எடுத்துப் பேசுவது அவன் அம்மா.

சென்ற மாதம் ரூபினிக்கு நிச்சயமானது. படத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது குணசுந்தரி சசிதரன் பெயரைச் சொன்னாள். ரூபினி பதறிப்போய், வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டாள்.

"அவனைத்தான் கூப்புடணும். அவன் வீட்டுக்கு எனக்கு வழி தெரியும்" என்றாள் குணசுந்தரி.