துண்டின் மறுமுனை

சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தபோது, காலில் ஆறாத சீழ்ப்புண்ணோடு ஒரு நெசவாளர் வருவார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் கொடுக்கும் ஆன்டிபயாடிக் காப்சூல்களைத் துண்டின் ஒரு முனையிலும், வைட்டமின் மாத்திரைகளை மறுமுனையிலும் முடிந்துகொள்வார்.

ஒருநாள் டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “சத்து மாத்திரையும் சேத்துப் போட்டாத்தானே ஆறும். அதப் போட்டா ஒண்ணுக்கு மஞ்சளாப் போகணுமே, போகுதா அண்ணாச்சி?”

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. “வீட்ல அவளுக்குத்தான் சார் மஞ்சளாப் போகுதாம். எலும்பும் தோலுமா கெடக்கா.”

டாக்டர் சத்து மாத்திரையை ஆளுக்கு ஒன்றாக இரட்டிப்பாக எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரமும் புண் அப்படியேதான் இருந்தது. எரிச்சலோடு அவரைப் பார்த்தேன்.

“ரெண்டு மாத்திரையும் போட்டு இப்பம் அவ நல்லா சாப்பிடுதா தம்பி” என்றார், புண் ஆறிவிட்டவரின் முகத்தோடு.