தூக்குக்குண்டு நின்ற இடம்

முதலாளி இருந்தார். அவருடைய மச்சினன் இருந்தார். கோயில் தேர் இழுக்கிற ஆட்கள் பன்னிரண்டு பேர். மர வேலைக்கு நான். இத்தனை பேரையும் வரச் சொன்ன இன்ஜினியரம்மா. எங்கள் முன்னால், சங்கரன்கோவில் மரப்பட்டறை முற்றத்தில், மூன்றடுக்கு மரக் கட்டடம். அதன் உச்சியிலிருந்து சரடு கட்டித் தொங்கவிட்ட தூக்குக்குண்டு, சிமென்ட் தரையில் பதித்த ஆணித்தலைக்கு நேராக அசையாமல் நின்றது.

நில அதிர்வு வருகிற ஒரு தீவில் பள்ளிக்கூட விடுதிக்கான கட்டடம் அது. இங்கே பூட்டிப் பார்த்து, பிரித்து, கப்பலில் அனுப்புவதாக ஏற்பாடு. முதலாளிக்கு நம்பிக்கை இல்லை. "ஆட்டிப் பாக்கையில குண்டு நாலு நூலு தள்ளி நின்னுச்சுன்னா விறகுக்குப் போட்டுருவோம். அங்க காங்கிரீட்டுதான்" என்று சொல்லிவிட்டார். எட்டு நூல் ஓர் அங்குலம். அந்த அம்மாவின் இரண்டு வருட உழைப்பு அரை அங்குலத்துக்குள் இருந்தது.

எனக்கும் சந்தேகம்தான். இறுக்கிப் பூட்டினால்தான் பலம் என்று பழகியவன். அந்த அம்மா சுவர்ப்பலகைக்கு மெல்லிய ஆணிகளை நெருக்கி அடிக்கச் சொன்னார். கட்டடம் எழும்பிவிடாமல் மூலைக்கு மூலை உச்சியிலிருந்து அடிவரை இரும்புக் கம்பி. "ஆணி வளையட்டும் அண்ணாச்சி. அது வளைஞ்சு ஆட்டத்த வாங்கிக்கிட்டா மரம் பிழைச்சுக்கிடும்" என்றார்.

மேலடுக்கில் வடத்தைக் கட்டி இழுத்து, சட்டென்று விட வேண்டும். அதுதான் சோதனை. இழுத்தார்கள். கட்டடம் சாய்ந்து கொடுத்தது. "விடுங்க!" என்றார் அந்த அம்மா. ஒருவரும் விடவில்லை. பிடித்த பிடியிலேயே மெல்லத் தளர்த்தினார்கள். கட்டடம் தூங்கி எழுந்தாற்போல் நிமிர்ந்தது.

"ஏன் விடல?"

"வடத்த எப்படிம்மா விட? தேரு நிலைக்கு வருமுன்ன விட்டுப் பழக்கமில்லலா" என்றார் அவர்களில் மூத்தவர்.

"ஏன் வே, சாமியையும் ஏத்திருவமா?" என்றார் மச்சினன். முதலாளி எழுந்துவிட்டார்.

அந்த அம்மா யாரையும் ஏசவில்லை. மேலடுக்கிலிருந்து ஒரு சங்கிலியை இறக்கி, அதன் கீழ்முனைக்கும் வடத்துக்கும் நடுவில் ஒரு முழத் தேங்காய்நார்க் கயிறு போட்டு முடிந்தார். வெட்டுக்குத் தாங்கலாகக் கயிற்றின் அடியில் மரக்கட்டை வைத்தார். என் கோடாலியைக் கேட்டு வாங்கினார். "இப்போ நீங்க விடவே வேண்டாம் அண்ணாச்சி. பிடிச்சே இருங்க." வடம் விறைத்ததும் ஒரே வெட்டு. வெட்டு கயிற்றில்தான் விழுந்தது. வடத்தில் படவில்லை.

பன்னிரண்டு பேரும் மல்லாந்தார்கள். "யம்மா, எம் முதுகு!" என்று ஒரு குரல். அப்போதும் வடம் கையில்தான் இருந்தது. கட்டடம் பாரவண்டி மாதிரி முனகிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி அடங்கியது. குண்டு நிற்கக் காத்திருந்தோம். நான் குனிந்து அளந்தேன். "ஒரு நூல்" என்றேன். அந்த அம்மா அதைக் காதில் வாங்கினாரோ என்னவோ, மூத்தவரைக் கைகொடுத்துத் தூக்கி, "அடி பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி மச்சினனிடம், "கப்பலுக்குச் சொல்லு வே" என்றார்.

இப்போது அந்த முற்றத்தில் லாரி நிற்கிறது. ஆணித்தலை மட்டும் தரையில் தேய்ந்து கிடக்கிறது. போன மாதம் தீவில் நிலம் ஆடியது என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் காலை அந்த அம்மாவே அங்கிருந்து போன் செய்தார். பிள்ளைகள் எல்லாரும் நல்லபடியாக இறங்கிவிட்டார்களாம். அங்கேயும் ஒரு குண்டு தொங்கவிட்டிருந்தது எனக்குத் தெரியும்.

"குண்டு எங்கன நிக்குதும்மா?" என்று கேட்டேன்.

போய் அளந்துவிட்டு வந்து சொன்னார்.

மூன்று நூல்.